பால் விற்கும் இயந்திரம்: வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

(மங்கலம்பேட்டை வட்டார உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ள இந்தப் பகுதியில் மணிலா, முந்திரி, கரும்பு, நெல் ஆகியவற்றோடு கறவை மாடும் வீட்டுக்கு வீடு உண்டு. பயிர் ஏமாற்றிய ஆண்டிலும் அடுப்பு எரிய வைப்பது பால் பணம்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பாலை இயந்திரத்தின் மூலம் நாமே நேரடியாக நகரில் விற்றால் என்ன என்ற கேள்வி இன்று பலரிடம் எழுந்துள்ளது. காசைப் போட்டால், அல்லது கைபேசியில் பணம் செலுத்தினால், பாத்திரத்தில் பால் ஊற்றும் இந்தத் தானியங்கி இயந்திரத்தை மக்கள் 'பால் ஏ.டி.எம்.' என்று அழைக்கிறார்கள். இதை வாங்கலாமா, வாங்கினால் கட்டுப்படியாகுமா, எப்படி நடத்துவது என்பதைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் வியாபாரத்தைக் கொண்டு வராது. ஏற்கெனவே உள்ள வியாபாரத்தை ஒழுங்காகச் செய்து கொடுக்கும், அவ்வளவுதான். ஆகவே இயந்திரத்தை விலை பேசுவதற்கு முன் பாலுக்கு ஆள் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இயந்திர விற்பனை புதியதா?

காசு போட்டுப் பொருள் பெறும் முறை மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஈரோன் என்ற அறிஞர், காசு விழுந்ததும் கோயில் தீர்த்தம் சிறிதளவு ஊற்றும் ஒரு பொறியைப் பற்றி எழுதியுள்ளார். காசின் எடை ஒரு நெம்புகோலை அழுத்தும், அடைப்புத் திறக்கும், காசு நழுவி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். நம் இரயில் நிலையங்களில் காசு போட்டு எடை பார்த்த இயந்திரத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அண்மையில், 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பின்னர், பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சள் துணிப்பை தரும் இயந்திரங்கள் 2022 முதல் கோயம்பேடு சந்தை போன்ற இடங்களில் வைக்கப்பட்டன.

பாலைப் பொறுத்தவரை நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. வெண்மைப் புரட்சித் திட்டத்தின் கீழ் 1974இல் டெல்லியில் தொடங்கப்பட்ட மதர் டெய்ரி நிறுவனம், வில்லை போட்டால் பால் ஊற்றும் சாவடிகளை நகர் முழுவதும் அமைத்தது. மக்கள் தூக்குப் பாத்திரத்துடன் வந்து பால் பிடித்துச் சென்றார்கள். அந்தச் சாவடியின் வெற்றிக்குக் குழாய் மட்டும் காரணமன்று. சூடாக்கிக் கிருமி நீக்கிய பால், குளிர்ந்த நிலையிலேயே டாங்கர் வண்டியில் நாள் தவறாமல் வந்து சேர்ந்தது. குழாய் என்பது அந்த நீண்ட ஏற்பாட்டின் கடைசி முனை. நாமோ பெரும்பாலும் முனையைப் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

எத்தனை லிட்டர் விற்றால் கட்டும்?

இனி கணக்குக்கு வருவோம். கீழே தரும் தொகைகள் கணக்குப் போடும் வழியைக் காட்டுவதற்கான உதாரணங்களே. உங்கள் ஊர் விலைவாசியை இட்டு நீங்களே மீண்டும் போட்டுப் பாருங்கள்.

பத்து உழவர்கள் சேர்ந்து ஓர் இயந்திரம் வைப்பதாகக் கொள்வோம். சொசைட்டியில் ஊற்றினால் லிட்டருக்கு ரூ.40 கிடைக்கும் பாலை நகரில் ரூ.52க்கு விற்கிறார்கள். லிட்டருக்கு ரூ.12 வித்தியாசம். நூறு லிட்டர் விற்கும்போது மூன்று லிட்டர் மீதமாகவோ சிந்தியோ வீணாகும் என்று வைத்தால், அதன் மதிப்பு ரூ.120. லிட்டருக்கு ரூ.1.20 கழித்துக்கொண்டால், கையில் நிற்பது ரூ.10.80.

மாதந்தோறும் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு:

இட வாடகை - ரூ.3,000
மின் கட்டணம் - ரூ.4,500
கழுவவும் பால் நிரப்பவும் அரை நாள் ஆள் கூலி - ரூ.9,000
பால் கொண்டுவரும் வண்டிச் செலவு - ரூ.4,000
கழுவும் மருந்து, தண்ணீர், சில்லறைப் பழுது - ரூ.2,500
இயந்திரத்துக்கு வாங்கிய ரூ.3 இலட்சம் கடனுக்கு, நூற்றுக்கு 12 வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை - ரூ.6,700
மொத்தம் - ரூ.29,700

இதை 10.80ஆல் வகுத்தால் 2,750 லிட்டர் வருகிறது. அதாவது நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 92 லிட்டர் விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை. நாளுக்கு 100 லிட்டர் விற்றால் மாதம் ரூ.2,700 மிஞ்சும். அதைப் பத்துப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு ரூ.270தான். 150 லிட்டர் விற்றால் ரூ.18,900 மிஞ்சும். 60 லிட்டர் மட்டுமே விற்றால் மாதம் ரூ.10,260 கைநட்டம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 92 லிட்டர் என்றால், வீட்டுக்கு அரை லிட்டர் வீதம் 184 வீடுகள். அந்த 184 வீட்டாரும் நாள்தோறும், மழையிலும் வெயிலிலும், ஏற்கெனவே வாசலில் வந்து ஊற்றும் பால்காரரையும் கடைப் பாக்கெட்டையும் விட்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் இயந்திரத்துக்கு நடந்து வர வேண்டும். வருவார்களா? இந்தக் கேள்விக்கு இயந்திரம் விற்பவரால் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும்.

பதில் காண ஓர் எளிய வழி

இயந்திரம் வாங்குமுன் மூன்று மாதம் கேனில் விற்றுப் பாருங்கள். இயந்திரம் வைக்க நினைக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே விலைக்கு ஓர் ஆளை நிறுத்தி, முத்திரையிட்ட அளவையால் ஊற்றச் செய்யுங்கள். நாளும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை லிட்டர் போனது, எவ்வளவு மீந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கேனில் 40 லிட்டர் போகாத இடத்தில் இயந்திரத்தில் 92 லிட்டர் போகும் என்று நம்பிக் கடன் வாங்குவது சரியன்று. மாறாக, கேன் காலியாகி மக்கள் திரும்பிப் போகிறார்கள் என்றால், அங்கே இயந்திரத்துக்கு வேலை இருக்கிறது.

மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் தேவை எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. முகூர்த்த மாதங்களிலும், பொங்கல், தீபாவளி நாட்களிலும், நோன்பு மாதத்தின் மாலை வேளைகளிலும் கூடுதலாகப் போகும். மற்ற நாட்களில் இறங்கும். மறுபக்கம், கோடையில் பசுந்தீவனம் குறைந்து மாட்டின் கறவையும் குறையும். கேட்கும்போது பால் இல்லாமலும், பால் இருக்கும்போது கேட்பார் இல்லாமலும் போகும் நாட்கள் எத்தனை என்று அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் இயந்திரம் வெறுமையாக இருந்தால், மறுநாள் வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்விடுவார்.

இடம் எப்படி இருக்க வேண்டும்?

பேருந்து நிலையத்தில் கூட்டம் இருக்கிறதே என்று பலர் நினைப்பார்கள். பேருந்துக்கு நிற்பவர் கையில் பால் பாத்திரம் இருக்காது. தேநீர், கடலை மிட்டாய், முந்திரிப் பொட்டலம் விற்கும் இயந்திரத்துக்கு அந்த இடம் ஏற்றது. பாலுக்கு வேண்டியது குடியிருப்புத் தெரு. காலையில் கோலம் போட வெளியே வரும் வீட்டார் நடந்து வரக்கூடிய தொலைவில் இயந்திரம் இருக்க வேண்டும். நிழல், நல்ல தண்ணீர், சாக்கடை வசதி, இரவில் விளக்கு வெளிச்சம், பக்கத்தில் கண்காணிக்க ஒரு கடை ஆகிய ஐந்தும் தேவை. நேர் வெயிலில் வைத்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, மின் கட்டணமும் ஏறும், அதன் ஆயுளும் குறையும்.

பொது இடமானால் பேரூராட்சி அல்லது நகராட்சியின் எழுத்து மூலமான அனுமதி பெறுங்கள். தனியார் இடமானால் வாடகை ஒப்பந்தத்தைக் கடன் தவணை முடியும் காலம் வரையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரத்தை நிறுத்தி வியாபாரம் சூடு பிடித்த பின் வாடகையை இரட்டிப்பாக்கினால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

குளிர்ச்சியே உயிர்

இனி மிக முக்கியமான செய்தியைச் சொல்கிறேன். பால் இயந்திரம் என்பது குளிர்ந்த பாலைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும் பெட்டி. கறந்த சூட்டில் உள்ள பாலை விரைவில் குளிர வைக்கும் திறன் பெரும்பாலான சிறிய இயந்திரங்களுக்குக் கிடையாது. தொட்டியில் 4 டிகிரியில் 50 லிட்டர் பால் இருக்கும்போது, 36 டிகிரியில் உள்ள புதுப் பால் 50 லிட்டரை ஊற்றினால் மொத்தமும் 20 டிகிரிக்கு ஏறிவிடும். வெதுவெதுப்பான பாலில் சில நுண்ணுயிர்கள் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அப்படியானால் ஒன்று, ஐந்து மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் ஆகும். காலையில் ஊற்றிய நல்ல பால் மாலையில் திரிவதற்கு இதுவே காரணம்.

ஆகவே பாலைக் கறந்தவுடன் வடிகட்டி, பால் குளிர்விப்பான் இருந்தால் அதில் 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, பின்னரே இயந்திரத்தில் ஊற்ற வேண்டும். குளிர்விப்பான் இல்லாதவர்கள் கேனைப் பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தி, அவ்வப்போது கலக்கிக் குளிர வைக்கலாம். பழைய பாலின் மேல் புதிய பாலை ஊற்றவே கூடாது. மீந்த பால் கெடாமல் இருந்தால், அன்றே எடுத்துக் காய்ச்சித் தயிராகவோ நெய்யாகவோ மாற்றிவிடுங்கள்.

பத்துப் பேர் பால் ஒரே தொட்டியில் சேர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவர் பால் கெட்டால் பத்துப் பேர் பாலும் கெடும். ஒவ்வொரு கேனிலிருந்தும் சிறிது எடுத்துக் காய்ச்சிப் பாருங்கள். திரிந்தால் அந்தக் கேனைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பால்மானியும் வைத்துக்கொள்ளுங்கள். பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும், கொழுப்பல்லாத திடப்பொருள் 8.3 சதவீதமும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் தர விதி. மடிநோய் கண்ட மாட்டின் பாலைச் சேர்க்கக் கூடாது. ஊசி மருந்து போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை விற்பனைக்கு அனுப்பக் கூடாது.

நீங்கள் விற்பது கிருமி நீக்கம் செய்யாத பச்சைப் பாலானால், 'காய்ச்சிய பிறகே பயன்படுத்தவும்' என்ற பலகையை இயந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இத்தாலி நாட்டில் பண்ணையாளர்கள் பச்சைப் பால் இயந்திரங்களை ஊருக்கு ஊர் வைத்து நன்றாக வியாபாரம் செய்தார்கள். காய்ச்சாத பாலால் குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு ஏற்படுவதாகத் தெரியவந்ததும், 2008 டிசம்பரில் அந்நாட்டு அரசு இத்தகைய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சும் பழக்கம் இருப்பது நல்லதே. ஆனாலும் பலகை அவசியம்.

கழுவும் முறை

தினமும் தொட்டி காலியானதும், முதலில் சாதாரணத் தண்ணீரால் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, பால் பாத்திரத்துக்கென்று விற்கும் சோடாக் கலவையைச் சூடான நீரில் கரைத்து, தொட்டி, குழாய், பம்பு அனைத்தின் வழியாகவும் ஓடவிட வேண்டும். பின் நல்ல நீரால் அலச வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் வெண்மையான பாற்கல் படியும். அதற்கு வாரம் ஒரு முறை, இதற்கென உள்ள அமிலக் கலவையால் கழுவ வேண்டும். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். வாய்க்குழாய், இரப்பர் வளையம் ஆகியவற்றைக் கழற்றிக் கையால் தேய்த்துக் கழுவுங்கள். கெட்ட வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

இந்த வேலைக்கு நாளும் இரண்டு மணி நேரம் ஆள் வேண்டும். "இயந்திரம் இருக்கிறது, ஆள் தேவையில்லை" என்ற பேச்சை நம்பாதீர்கள். மாட்டை வாங்கிக் கட்டிவிட்டால் மட்டும் பால் வந்துவிடுமா? தீவனமும் தண்ணீரும் வைத்து, சாணம் அள்ளினால்தானே வரும்? இதுவும் அப்படித்தான்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

1. தொட்டியும் குழாயும் உணவுக்கு ஏற்ற 304 தர எவர்சில்வரா? பிளாஸ்டிக் குழாய் உணவுத் தரமானதா?

2. பழுது பார்க்கும் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார்? எத்தனை மணி நேரத்தில் வருவார்? விருத்தாசலத்திலோ கடலூரிலோ ஆள் இருந்தால் நல்லது. தொலைவிலிருந்து வர வேண்டுமானால், பழுதான ஒவ்வொரு நாளும் நூறு லிட்டர் பால் உங்கள் தலையில்.

3. பம்பு, வால்வு, மின்னணுப் பலகை ஆகியவற்றின் விலை என்ன? கைவசம் கிடைக்குமா?

4. அளவு சரியாக இருக்கிறதா? தண்ணீரை ஊற்றிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாலையே ஊற்றி, பத்து முறை பிடித்து அளந்து பாருங்கள். நுரைக்கும்போதும் அளவு குறையக் கூடாது.

5. நாணயம், கைபேசிப் பணம், மாத அட்டை மூன்றையும் ஏற்குமா? பத்து ரூபாய் நாணயங்களின் எல்லா வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்துள்ளது. உங்கள் இயந்திரமும் அவற்றை அறிந்திருக்க வேண்டும்.

6. ஏற்கெனவே வாங்கியவர்கள் யார்? ஓராண்டுக்கு மேல் நடத்தியவர் இருவரையாவது நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் மின் கட்டண அட்டையையும் விற்பனை நோட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

"இடமும் நாங்களே பிடித்துத் தருகிறோம், மாதம் இவ்வளவு நிச்சயம், முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டுங்கள்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நிச்சயம் என்று சொல்வதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு பகுதித் தொகையை, இயந்திரம் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பின் தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

மின்சாரமும் சட்டமும்

வணிக மின் இணைப்பு தனியாகப் பெற வேண்டும். விவசாயத்துக்கு வழங்கப்பட்ட இலவச இணைப்பிலிருந்து கம்பி இழுப்பது குற்றம். ஸ்டெபிலைசர் இல்லாமல் கம்ப்ரசரை ஓட்டாதீர்கள். மின்தடைக்கு ஜெனரேட்டர் ஏற்பாடும் வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும், ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 இறுதியில் பெஞ்சல் புயல் மழையும் நம்மைப் பாதித்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கென்று மாற்று ஏற்பாடு இல்லாமல் கடலூர் மாவட்டத்தில் குளிர்சாதனத் தொழில் தொடங்கக் கூடாது.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி, உங்கள் விற்பனை அளவுக்கேற்பப் பதிவோ உரிமமோ பெற வேண்டும். பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. வெளியே விற்கத் தொடங்கினால் அந்த விலக்கு பொருந்தாது. இயந்திரத்தின் அளவைக்குத் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் முத்திரை பெற வேண்டும்.

சங்கத்தைக் கைவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். சங்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகத் தரலாம். ஆனால் பால் பெருகும் காலத்திலும், புயல் அடித்த மறுநாளும் அதை வாங்கிக்கொள்கிறது. சினை ஊசி, தீவனம் போன்ற வசதிகளும் அதன் வழியே வருகின்றன. இந்த உதவிகளுக்கெல்லாம் ஒரு விலை உண்டு. அதையும் உங்கள் கணக்கில் சேர்த்த பிறகே, லிட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடுதல் என்று சொல்ல வேண்டும். சங்கத் தலைவரிடமும் செயலாளரிடமும் பேசி, சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பொறுப்பேற்று இயந்திரம் வைக்க முடியுமா என்று பாருங்கள். பால் குளிர்விப்பான் உள்ள இடத்தில் செலவு பாதியாகக்கூடக் குறையலாம். இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருப்பவர் தனியாக இந்தக் கடனைத் தோளில் போட்டுக்கொள்வது நல்லதன்று.

முடிவாக, உழவர் பெருமக்களே, மூன்றே செய்திகளை நினைவில் வையுங்கள். கேனில் விற்றுப் பார்த்து ஆளை எண்ணுங்கள். குளிர வைத்த பின் ஊற்றுங்கள். பழுது பார்ப்பவர் யார் என்று தெரிந்த பின் பணம் கொடுங்கள். இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் துணிந்து இறங்கலாம். விடை கிடைக்காவிட்டால், அந்த மூன்று இலட்சத்துக்கு நல்ல கறவை மாடும் பசுந்தீவன வரப்பும் உங்களுக்கு அதிகப் பலன் தரக்கூடும். மேலும் விவரம் வேண்டுவோர் விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும், அருகிலுள்ள கால்நடை மருத்துவரையும் அணுகி ஆலோசனை பெறலாம்.